எல்லைப்புறத்தில் நீரிழிவு: மரச்சீனியின் மேல் விழுந்த பழி

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து, அமரவிளை, உதியன்குளங்கரை என்னும் ஊர்களைத் தாண்டினால் பாறசாலை வந்துவிடும். அதற்குச் சிறிது அப்பால் களியக்காவிளை. இடையே மாநில எல்லை. எல்லையைக் காட்டும் பலகை மட்டும் இல்லையாயின், புதிதாக வருபவர் எங்கே கேரளம் முடிந்தது, எங்கே தமிழ்நாடு தொடங்கியது என்று அறியமாட்டார். இருபுறமும் அதே செம்மண், அதே தென்னை, அதே பனை. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுவோர் இங்கே உண்டு; வீட்டில் மலையாளமும் கடைத்தெருவில் தமிழும் பேசுவோரும் உண்டு.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இந்நிலம் முழுவதும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் அவ்வாறே இணைதல் வேண்டும் என்று போராடியவர்கள் பலர். அது கேரளத்தோடு நின்றுவிட்டது. பாறசாலையும் அவ்வட்டத்தைச் சேர்ந்ததாதலால் எல்லையூர் ஆயிற்று. இந்த வரலாற்றை நேயர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று நாம் சொல்ல விரும்புவது இதே நிலத்தின் மற்றொரு வரலாறு. எல்லைக் கோட்டைப் பொருட்படுத்தாத ஒரு நோயின் வரலாறு அது. அந்நோயின் காரணமென்று ஏழைகளின் உணவொன்று குற்றக் கூண்டில் ஏற்றப்பட்டதும், பல ஆண்டுகளுக்குப் பின் அங்கிருந்து இறங்கியதும் அவ்வரலாற்றின் பெரும்பகுதி.

முதலில் நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழிபெயர்ப்பே தொழிலாக வாய்த்தவர்களுக்குச் சொற்களின் பிறப்பை ஆராயும் பழக்கம் விடுவதில்லை. ‘இழிதல்’ என்றால் கீழ்நோக்கி ஒழுகுதல். நீர் ஓயாது ஒழுகி வெளியேறும் நோய் நீரிழிவு. கிரேக்கர்கள் இந்நோய்க்கு இட்ட ‘டயாபிட்டீஸ்’ என்னும் பெயருக்கும் ‘ஊடே கடந்து செல்வது’ என்பதே பொருள். கடல் கடந்த இரு மொழிகள், ஒருவரையொருவர் கேளாமலே, ஒரே அடையாளத்தைக் கொண்டு ஒரு நோய்க்குப் பெயரிட்டிருக்கின்றன. வடமொழி மருத்துவ நூலார் இன்னும் ஒருபடி மேலே சென்று அந்நீர் இனிக்கும் என்பதையும், அதை எறும்பு நாடும் என்பதையும் கண்டு, மதுமேகம் என்றனர். சுசுருதர் அதில் இருவகை நோயாளிகளை வேறுபடுத்தியுமிருக்கிறார்: பிறவியிலேயே அந்நோய்க்கு உரிய இயல்போடு வந்து மெலிந்து வாடுபவர் ஒருவகை, உண்டு கொழுத்து உடலுழைப்பின்றி இருந்து அதைத் தேடிக்கொள்பவர் மற்றொரு வகை. இந்த இருவரையும் நேயர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பாறசாலையின் வரலாற்றில் இவ்விருவரும் ஒருவர்பின் ஒருவராக வரப்போகின்றனர்.

நோய் உடலில் எவ்வாறு நிகழ்கிறது? இரைப்பைக்குப் பின்னால், ஒரு சாணுக்குக் குறைந்த நீளத்தில், கணையம் என்னும் உறுப்பு குறுக்காகக் கிடக்கிறது. அதற்கு இரண்டு தொழில்கள். உணவைச் செரிக்கச் செய்யும் நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவது ஒன்று. மற்றொன்றைச் செய்பவை அவ்வுறுப்பினுள் ஆங்காங்கே தீவுகளைப்போல் சிதறிக்கிடக்கும் நுண்ணிய அணுக்கூட்டங்கள். 1869ஆம் ஆண்டில் பெர்லினில் மாணவராயிருந்த லாங்கர்ஹான்ஸ் என்பவர் அத்தீவுகளைக் கண்டார். அவற்றின் பயன் இன்னதென்று அவர் அறியவில்லை. இருபதாண்டு கழித்து, 1889இல், மிங்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை நீக்கிப் பார்த்தபோது அந்த நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921இல் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அத்தீவுகளின் சுரப்பைப் பிரித்தெடுத்தனர். ‘தீவு’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தே ‘இன்சுலின்’ என்னும் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரித் திங்களில், மரணத்தின் வாயிலில் கிடந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசிவழி செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான்.

உண்ட உணவிலிருந்து குருதியில் சேரும் சர்க்கரை, தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் புக வேண்டுமாயின் இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். ஈரல் தன் கிடங்கிலுள்ள சர்க்கரையைக் கட்டின்றி வெளியே விடாதபடி தடுப்பதும் அதுவே. இன்சுலின் குறைந்தாலும், அது இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலும், சர்க்கரை குருதியிலேயே தேங்கும். நூறு மில்லி லிட்டர் குருதியில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்னும் அளவைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்துவைக்க இயலாது. சர்க்கரை நீரோடு வெளியேறும். போகும்போது உடலின் நீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் தாகம், அதனால்தான் ஓயாத சிறுநீர். வெள்ளத்தின் நடுவே நின்று தாகத்தால் தவிப்பவனைப்போல், சர்க்கரை நிறைந்த குருதியில் மூழ்கியிருந்தும் உடலின் அணுக்கள் பசித்துக்கிடக்கின்றன.

இனி நம் கிழங்கிற்கு வருவோம். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மரவள்ளி என்றும், சில ஊர்களில் குச்சிக்கிழங்கு என்றும் அழைக்கப்படும் கிழங்கிற்கு எல்லைப்புறத்தில் மரச்சீனி என்று பெயர். மலையாளத்திலும் அதுவே பெயர்; கப்பை என்பது மற்றொரு பெயர். தென்பாண்டித் தமிழில் சீனி என்றால் சர்க்கரை. சர்க்கரை நோய்க்குக் காரணமென்று பழி சுமந்த கிழங்கின் பெயரிலேயே சீனி இருப்பது தற்செயல்தான் என்றாலும், மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்கு அது தப்பாது.

தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கு போர்த்துக்கீசியர் வழியாக மலையாளக் கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைக் குடிமக்களிடையே பரப்பப் பெரிதும் முயன்றார். மழை பொய்த்தாலும் பொறுக்கும், மலைச்சரிவிலும் விளையும், நிலத்தில் விட்டுவைத்து வேண்டும்போது பறித்துக்கொள்ளலாம். ஏழைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? திருவிதாங்கூரின் நெல் விளைச்சல் அதன் மக்களுக்கு ஒருபோதும் போதியதில்லை. நாஞ்சில் நாட்டு வயல்கள் போக, மிகுதி அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்தக் கப்பல்கள் நின்றன. அதன்பின் எத்தனையோ குடும்பங்களில் காலையும் மரச்சீனி, இரவும் மரச்சீனி. மீன் கிடைத்த வீட்டில் மீனோடு. கிடைக்காத வீட்டில் மிளகாயும் உப்பும் அரைத்த துவையலோடு. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். பின்னர் எழுந்த வழக்கு முழுவதும் இதைச் சுற்றியே நடந்தது.

நீரிழிவிற்கு முன்பே மரச்சீனியின் மேல் மருத்துவர்களின் ஐயம் விழுந்திருந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. எவரெஸ்ட் மலை ஏற்றக் குழுக்களில் 1922இலும் 1924இலும் பங்குகொண்ட சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். தென் திருவிதாங்கூர் மக்களிடையே குடற்புண் மிகுந்திருப்பதை அவர் கண்டார். நீலகிரியில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் உணவாராய்ச்சி நடத்திய இராபர்ட் மெக்காரிசன், எலிகளைப் பிரித்து, ஒரு கூட்டத்திற்குத் திருவிதாங்கூர் ஏழைகளின் உணவையே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். மரச்சீனியை மிகுதியாகக் கொண்ட அந்த உணவை உண்ட எலிகளில் கால் பங்குக்கு மேற்பட்டவற்றிற்கு வயிற்றிலோ குடலிலோ புண் கண்டது என்று 1931இல் எழுதினார். அவர் குறை கூறியது கிழங்கை மட்டும் அன்று. கிழங்கோடு வேறொன்றும் இல்லாத ஏழ்மையான உணவை. ஆனால் மக்கள் மனத்தில் தங்கிய பெயர் கிழங்கின் பெயரே.

1951இல் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர் மக்களுக்கும் பெரிய மருத்துவமனை எட்டும் தொலைவில் வந்தது. அக்கல்லூரியின் பேராசிரியர் பி. ஜே. கீவர்கீஸ் தம்மிடம் வந்த நோயாளிகளிடையே ஒரு புதுமையைக் கண்டார். இளைஞர்கள், எலும்பும் தோலுமானவர்கள், கன்னம் சற்றே உப்பியவர்கள், குருதியில் சர்க்கரையோ மிக அதிகம். அத்துணைச் சர்க்கரை ஏறினால் மேல்நாட்டு நூல்களின்படி அந்த இளைஞர்கள் நச்சு அமிலம் மிகுந்து மயங்கி விழ வேண்டும், இவர்கள் விழவில்லை. விசாரித்தால், சிறுவயது முதலே வயிற்றுவலி என்பார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முதுகெலும்பை ஒட்டி, கணையம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளை வெளேரென்று கற்கள்.

கணையத்தின் குழாய்களில் சுண்ணாம்புக் கற்கள் அடைத்துக்கொள்ள, உறுப்பு மெல்ல மெல்ல நாராகி இறுகிவிடுகிறது. கணையத்தின் இரு தொழில்களும் கெடுகின்றன. உண்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேற, உடல் மெலிகிறது. தீவுகள் அழிய, நீரிழிவு வருகிறது. பிள்ளைப் பருவத்தில் வலி, வளரும் பருவத்தில் சர்க்கரை, வாழவேண்டிய பருவத்தில் சாவு என்று இந்நோயின் போக்கைக் கீவர்கீஸ் வரையறுத்தார். நூற்றுக்கணக்கான நோயாளிகளைக் கண்டு அவர் எழுதிய நூல் 1968இல் பம்பாயில் வெளிவந்தது. உலக மருத்துவத்தில் இந்நோய் கேரளத்தின் பெயரோடு பிணைந்தது இவ்வாறுதான். சாராயத்தால் கணையம் கெடுவதை மேல்நாட்டார் அறிந்திருந்தனர். குடியே அறியாத பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அது கெடுவானேன்?

இங்கேதான் கிழங்கு கூண்டில் ஏற்றப்பட்டது. 1959இல் சூய்டெமா என்னும் மருத்துவர் இந்தோனேசியாவில் இதேபோன்ற நோயாளிகளைக் கண்டு எழுதியிருந்தார். அவர்களும் மரவள்ளி உண்ட ஏழைகளே. மரச்சீனியில் இயல்பாகவே ஒரு நச்சுப்பொருளின் வித்து உண்டு. கிழங்கை அறுக்கும்போதும் நசுக்கும்போதும் அதிலிருந்து சயனைடு பிறக்கிறது. நறுக்கி, நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். நம் பாட்டிமார் எந்த நூலும் படியாமலே இதைச் செய்துவந்தனர். மிஞ்சியதை உடல் தானே முறித்துக்கொள்ளும். அதற்குக் கந்தகம் கலந்த புரதக்கூறுகள் வேண்டும். அவை மீனிலும் முட்டையிலும் பருப்பிலும் இருந்து வரவேண்டியவை. புரதமே கிடைக்காத வீட்டில் நச்சு முறியாமல் தங்கிக் கணையத்தைக் கெடுக்கிறது என்பது வாதம். 1979இல் மெக்மில்லன் என்னும் அமெரிக்க மருத்துவரும் கீவர்கீஸும் சேர்ந்து இதை எழுதினர். எலிகளுக்குச் சயனைடு கொடுத்தபோது அவற்றின் குருதியில் சர்க்கரை ஏறியதையும் சான்றாகக் காட்டினர்.

வாதம் அழகியது. நோய் இருக்கும் இடமும், கிழங்கு விளையும் இடமும், புரதம் கிடைக்காத வறுமையும் மூன்றும் ஒரே வரைபடத்தில் பொருந்தின. 1985இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு, ஊட்டக்குறைவைச் சார்ந்த நீரிழிவு என்று ஒரு தனிவகையையே ஏற்படுத்தி, கணையக்கல் நீரிழிவை அதில் ஒரு கிளையாக வைத்தது. எம் இளமைப் பருவத்தில் ஊரில் ‘மரச்சீனி தின்னால் சர்க்கரை வரும்’ என்று சொல்லாதவர் இல்லை. அதைத் தின்னாமல் வேறெதைத் தின்பது என்று சொன்னவர்களும் இல்லை.

ஆயினும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பது வேறு. ஒன்றால் ஒன்று விளைவது வேறு. மறுப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. மரவள்ளியைக் கண்ணாலும் காணாத வட இந்தியப் பகுதிகளிலும் இதே கற்கள் காணப்பட்டன. மரவள்ளியையே நாள்தோறும் உண்ணும் ஆப்பிரிக்க நாட்டார் பலரிடையே இந்நோய் அரிதாயிருந்தது. சென்னையில் எலிகளுக்கு ஓராண்டு வரை மரவள்ளி கொடுத்து வளர்த்துப் பார்த்தபோது, நீரிழிவும் வரவில்லை, கணைய அழற்சியும் வரவில்லை. அம்முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002இல் ஐதராபாத்திலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகள் வேறொரு திசையைக் காட்டின. கணையம் சுரக்கும் செரிமான நீர் உரிய காலத்திற்கு முன் வேலை செய்யத் தொடங்கித் தன் வீட்டையே செரித்துவிடாதபடி காக்கும் ஒரு புரதம் உண்டு. அதை ஆக்கும் மரபணுவில் இந்நோயாளிகள் பலருக்குப் பிறவியிலேயே மாறுதல் இருந்தது. அம்மாறுதல் இருந்தும் நோயின்றி வாழ்வோரும் உண்டு. ஆதலின் அதுவும் முழு விளக்கம் அன்று. ஆயினும் கிழங்கின் மேலிருந்த விரல் தாழ்ந்தது.

இதற்கிடையே 1999இல் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தனிவகையையே நீக்கிவிட்டது. கணையக்கல் நீரிழிவு கணைய நோய்களின் பட்டியலுக்குச் சென்றது. கல் இல்லாமல், வெறும் மெலிவோடு நீரிழிவு கொண்டிருந்த ஏழைகள் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் ஆயினர். இதில் நாம் மருத்துவரல்லோம். எனினும், ஒரு சொல்லை நீக்குவதால் ஒரு மனிதர் கூட்டமே கணக்கிலிருந்து மறையக்கூடும் என்பதை அலுவலகக் கோப்புகளில் நாம் கண்டதுண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினரும் நியூயார்க் ஆய்வாளர்களும் சேர்ந்து அத்தகைய மெலிந்த நோயாளிகளை ஆராய்ந்து, அவர்களுடைய குறை முதன்மையாக இன்சுலின் சுரப்பிலேயே உள்ளது என்று 2022இல் காட்டினர். 2025ஆம் ஆண்டில் பாங்காக்கில் கூடிய பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அந்நோய்க்கு ‘ஐந்தாம் வகை நீரிழிவு’ என்று மீண்டும் ஒரு பெயர் தந்தது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பெயரின்றிக் கிடந்த நோய் அது.

பாறசாலைப் பக்கத்தில் இதற்குள் காலம் வெகுவாக மாறிவிட்டது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. பிள்ளைகள் படித்தனர், வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் பணம் அனுப்பினர். பனையேறுவோர் குறைந்து, பேருந்தும் இருசக்கர வண்டியும் பெருகின. கணையக்கல் நோய் கேரளத்தில் அருகியது. வந்தவர்களுக்கும் முன்னிலும் முதிர்ந்த வயதில், முன்னிலும் மெல்லிய வடிவில் வந்தது. மரச்சீனி குறைந்ததாலா, வயிறு நிறைந்ததாலா என்றால், இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதே நேர்மையான விடை. மெலிந்தவன் விலக, சுசுருதரின் இரண்டாம் மனிதன் அவ்விடத்தில் வந்து அமர்ந்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய கணக்கெடுப்பு 2023இல் வெளிவந்தபோது, கேரளத்தில் வயது வந்தவர் நூற்றுவரில் இருபத்தைவருக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையோர் என்று தெரிந்தது. நாடு முழுவதற்குமான அளவு 11.4 விழுக்காடு.

இந்த இரண்டாம் மனிதன் மேல்நாட்டானைப்போல் பருத்திருக்க வேண்டுவதில்லை. கைகால் மெலிந்து, இடுப்பு மட்டும் பருத்தவராகவே நம்மவர் பலர் இருக்கின்றனர். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினின் குரலைத் தசைகள் கேளாதபடி செய்கிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து, இறுதியில் சோர்ந்துவிடுகிறது. இது வலிக்காத நோய். வலிக்காத காலத்திலேயே கண்ணின் பின்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழாய்களையும், பாதத்தின் நரம்புகளையும் அது அரித்துக்கொண்டிருக்கும். உணர்ச்சியற்ற பாதத்தில் முள் குத்தினால் தெரியாது. புண் புரையோடிய பின்பே தெரியும். செருப்பின்றி வயலில் நடந்து பழகிய ஊரில் இது எத்தகைய கேடு என்பதை விளக்க வேண்டியதில்லை. இதயத்தின் குழாய்களையும் அது விடுவதில்லை. கணையக்கல் நோயாளிகளுக்கு இக்கேடுகள் வரா என்று ஒரு காலத்தில் நம்பினர். அவர்களுக்கும் வரும் என்பதைப் பின்னர் சென்னை ஆய்வுகள் காட்டின.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் ஆய்வு மையத்தினர், ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, இந்நோயை வருமுன் காக்க இயலுமா என்று சோதித்துப் பார்க்க ஓரிடம் தேடினர். அவர்கள் தேர்ந்தது இதே நெய்யாற்றின்கரை வட்டம். வட்டத்தின் வாக்குச்சாவடிப் பகுதிகளில் அறுபதைக் குலுக்கலாகப் பொறுக்கினர். வீடு வீடாகச் சென்று, முப்பது முதல் அறுபது வயது வரை உள்ளவர்களிடம் சென்னை ஆய்வாளர்கள் வகுத்த எளிய கணக்கொன்றைப் போட்டனர்: வயது என்ன, இடுப்பளவு என்ன, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா, உடலுழைப்பு எவ்வளவு. இந்த நான்கு கேள்விகளில் அறுபது மதிப்பெண்ணோ அதற்கு மேலோ பெற்றவர் ஆபத்தில் உள்ளவர். அவர்களுள் ஏற்கெனவே நோய் வந்துவிட்டவர்களை நீக்கி, 1,007 பேரைச் சோதனையில் சேர்த்தனர்.

முப்பது பகுதிகளில் உள்ளவர்களுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மற்ற முப்பதில், ஓராண்டு காலத்தில் பதினைந்து கூட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் மருத்துவர் அல்லர். அதே தெருவில் வாழ்ந்து, அதே கவலை கொண்ட அண்டை வீட்டார். சேர்ந்து நடந்தார்கள், வீட்டுத் தோட்டம் போட்டார்கள், சோற்றைக் குறைத்துக் கறியைக் கூட்டுவது எப்படி என்று பேசிக்கொண்டார்கள். இங்கே கறி என்றது காய்கறியை.

இரண்டாண்டுக்குப் பின் கணக்கெடுத்தனர். வழக்கமான அறிவுரை பெற்றவர்களில் 17.1 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்திருந்தது. கூட்டத்தில் சேர்ந்தவர்களில் 14.9 விழுக்காட்டினருக்கு. வேறுபாடு உண்டு, ஆனால் அது தற்செயலால் வந்ததன்று என்று உறுதி கூறப் போதாது. காய்கனி உண்பது கூடியிருந்தது, மது குறைந்திருந்தது, ஆபத்தின் மதிப்பெண் சற்றே இறங்கியிருந்தது. நோயை மட்டும் தடுத்துவிட்டதாகச் சொல்ல முடியவில்லை. 2018இல் அம்முடிவை அவர்கள் அப்படியே அச்சிட்டனர். மரச்சீனியின் வழக்கைக் கேட்ட நமக்கு இந்த நேர்மை மிகவும் பிடித்திருக்கிறது. பொருந்துகிறது என்பதற்காகவே ஒரு விடையை ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்ததல்லவா?

சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட சோதனையோ வேறு முடிவு தந்தது. உணவிலும் நடையிலும் மாறுதல் செய்துகொண்டவர்களில் மூன்றாண்டில் 39.3 விழுக்காட்டினருக்கும், செய்யாதவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இரண்டும் ஏன் வேறுபட்டன? சென்னையில் சேர்ந்தவர்கள் அனைவரும் உண்டபின் சர்க்கரை ஏறியவர்கள். நெய்யாற்றின்கரையில் சேர்ந்தவர்களுள் பலருக்கு வெறும் வயிற்றில் மட்டுமே சர்க்கரை ஏறியிருந்தது. உண்டபின் ஏறுவது தசையின் குறை. நடந்தால் தசை திருந்தும். வெறும் வயிற்றில் ஏறுவது பெரும்பாலும் ஈரலின் குறை. அது நடைக்கு அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை.

‘வெறும் வயிறு’ என்றதும் ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வருகிறது. பணியில் சேர்ந்த புதிதில் சுகாதாரக் குறிப்பொன்றை மொழிபெயர்க்க நேர்ந்தபோது, இச்சொல்லிடத்தில் ‘நோன்பு நிலைச் சர்க்கரை’ என்று எழுதி வைத்தோம். அதைப் படித்த மூத்த அன்பர் ஒருவர், ‘ஐயா, செவ்வாய்க்கிழமை விரதம் இருந்துதான் பரிசோதிக்க வேண்டுமா?’ என்று கேட்டார். அன்று முதல் எம் கோப்புகளில் அது வெறும் வயிறுதான்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நேரே தொடர்புள்ள கணக்கொன்றும் உண்டு. இலக்னோ, நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு நகரங்களின் ஆலைத் தொழிலாளரையும், அவர்களோடு பிறந்து சிற்றூரிலேயே தங்கிவிட்டவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஆண்களில், சிற்றூரில் தங்கியவரிடையே நீரிழிவு 6.2 விழுக்காடு. நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவரிடையே 13.5. சிற்றூரிலிருந்து நகரத்துக்குக் குடிபெயர்ந்தவரிடையே 14.3. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரயில் ஏறியவருக்கு இருமடங்குக்கு மேல். பயணச்சீட்டில் நோய் எழுதப்படவில்லை. நகரத்தின் நாற்காலி, நகரத்தின் எண்ணெய், நகரத்தின் தூக்கமற்ற இரவு, இவற்றோடு ஊரில் உழைத்துண்ட காலத்துச் சோற்றின் அளவு மட்டும் மாறாமல் கூடவே வந்துவிடுகிறது. தில்லியில் வாழும் எம்முடைய தட்டைப் பார்த்தே இதைச் சொல்கிறோம்.

விடுமுறைக்குப் பாறசாலைக்குச் செல்லும்போதெல்லாம் எம் சித்தி மரச்சீனி அவிப்பார். வயது எழுபதைக் கடந்தவர், நீரிழிவு உடையவர். கிழங்கை உரித்து நறுக்கி, பொங்கிய முதல் நீரை வடித்துக் கொட்டி, மறுநீர் ஊற்றி, அதையும் வடித்த பின்பே உப்பிடுவார். ஏன் இரண்டு முறை என்று கேட்டால், தம் மாமியார் அப்படித்தான் செய்தார் என்பார். 1979ஆம் ஆண்டின் வாதமும் 2000ஆம் ஆண்டின் மறுப்பும் அந்த அடுப்படியை எட்டியதில்லை. எங்களுக்குத் தட்டு நிறைய வைத்து, மத்திக் குழம்பை ஊற்றிவிட்டு, தமக்கு இரண்டே துண்டு எடுத்துக்கொண்டார். உண்டு இரண்டு மணி நேரம் கழித்து, பேத்தி வாங்கிக்கொடுத்த சிறு கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். எண்ணைத் தமிழில் வாசித்துவிட்டு, நாட்காட்டியின் ஓரத்தில் மலையாள எழுத்தில் குறித்துவைத்தார்.